மூட்டுச் சிகிச்சையில் ஆசிரியரும் ஆராய்ச்சியும்

ஆஸ்பத்திரி என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர்கள் மருந்து எழுதிக் கொடுக்கும் டாக்டரும் ஊசி போடும் நர்ஸும் ஆவர். எலும்பு மூட்டுப் பகுதிக்குள் சற்றே சென்று பார்த்தால் வேறொருவரையும் அங்கே காணலாம். முறிந்த எலும்பு கூடிய பின்னரும் விறைத்தே நிற்கும் முழங்கையை மெல்ல மெல்ல மடக்கி நீட்டுகிறவர் அவர்; செயற்கை மூட்டுப் பொருத்தப்பட்ட மூதாட்டியைக் கைப்பிடித்து நடக்க வைக்கிறவரும் அவரே. பிசியோதெரபிஸ்டு என்று ஆங்கிலப் பெயராலேயே பெரும்பாலோர் அவரை அழைக்கின்றனர். இயன்முறைச் சிகிச்சையாளர் என்பது தமிழில் வழங்கும் பெயர். அவரை நாம் அறிவோம். ஆனால் அவருக்கு இவ்வித்தையைக் கற்பித்தவர் யார், கற்பித்தது பலன் தருகிறதா என்று சோதித்துப் பார்ப்பவர் யார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நல்ல கல்லூரிகளில் இவ்விரண்டு வேலைகளையும் செய்பவர் ஒருவரே. அவருடைய தொழில் எத்தகையது, நம் நாட்டு நோயாளிக்கு அதனால் ஆவதென்ன என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

நம் நாட்டில் இக்கல்வி முறையாகத் தொடங்கியது 1953ஆம் ஆண்டில், இன்று மும்பை எனப்படும் பம்பாயில். பரேலிலுள்ள கிங் எட்வர்டு நினைவு மருத்துவமனையில், உலக சுகாதார ஸ்தாபனத்தின் உதவியுடன் மாகாண அரசாங்கமும் மாநகராட்சியும் சேர்ந்து ஒரு பள்ளியை நிறுவின. 1955இல் அதே நகரில் ஹாஜி அலி பகுதியில் அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிலையம் தோன்றிற்று. இந்தியப் பிசியோதெரபிஸ்டுகளின் சங்கமும் அவ்வாண்டில் ஏற்பட்டதே. இவ்வளவும் அடுத்தடுத்து நிகழ்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அக்காலத்தில் இளம்பிள்ளை வாதம் நகரத்துக் குழந்தைகளை வாட்டி வந்தது. காய்ச்சல் தணிந்த பிறகு, கால் துவண்டு கிடக்கும் குழந்தையை என்ன செய்வது என்ற கேள்விக்கு மருந்துச் சீட்டில் விடை இல்லை.

அன்றைய ஆசிரியர் மாணவர்க்கு முதலிற் கற்பித்தது தசையின் வலிமையை மதிப்பிடும் கலையை. சுழியிலிருந்து 5 வரை மதிப்பெண் உண்டு. தசையில் அசைவின் சாயலே இல்லையெனில் சுழி. பூமியின் ஈர்ப்பை எதிர்த்துக் காலை உயர்த்த முடிந்தால் 3. கையால் அழுத்தினாலும் தாங்கி நின்றால் 5. இம்முறை இன்றும் வழக்கில் இருக்கிறது. எந்த நோய்க்காக அப்பள்ளி தோன்றியதோ அந்நோய் மட்டும் இன்றில்லை. இளம்பிள்ளை வாதக் கிருமி இந்நாட்டில் இயற்கையாகத் தாக்கிய கடைசிக் குழந்தை 2011 ஜனவரியில், மேற்கு வங்காளத்து ஹௌரா மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. 2014 மார்ச்சில் நம் நாடு அந்நோயினின்றும் விடுபட்டதாகச் சான்று பெற்றது. ஒரு தொழிலுக்கு அதன் முதற்காரணமே மறைந்து போவது அரிய நிகழ்ச்சிதான்.

இன்று அத்துறையின் வாயிலில் வரிசையாக அமர்ந்திருப்பவர்கள் முழங்கால் தேய்ந்தவர்கள், இடுப்பு வலிக்காரர்கள், தோளைத் தூக்க மாட்டாதவர்கள். இம்மாறுதல் ஆசிரியரை ஒரு சங்கடத்தில் கொண்டு வந்து விட்டது. வாதத்தால் செயலிழந்த தசை தேறியதா, தேறவில்லையா என்பது கண்கூடு. இடுப்பு வலியோ அப்படிப்பட்டதன்று. அது தானே ஏறும், தானே இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். ஆதலால் அடுத்த சில வாரங்களில் எதுவும் செய்யாவிட்டாலும் பலருக்கு அது குறைந்தே தீரும். அந்த நாட்களில் தைலம் தடவியவர் தைலத்தைப் புகழ்வார். விளக்கொளி காட்டியவர் விளக்கைப் புகழ்வார். முப்பதாண்டு அனுபவம் உள்ள சிகிச்சையாளரும் இம்மயக்கத்திற்கு ஆட்பட்டவரே. அனுபவம் மிக மிக மயக்கமும் மிகக்கூடும் என்றே நாம் கருதுகிறோம்.

படுக்கை ஓய்வை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். இடுப்பு வலி கண்டவரை வாரக்கணக்கில் பலகையில் படுக்க வைப்பது உலகெங்கும் வைத்தியர்கள் மனமாரச் செய்து வந்த காரியம். 1986இல் அமெரிக்காவில் ரிச்சர்டு டேயோ என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் 203 நோயாளிகளை இரு கூறாக்கி, ஒரு சாராரை 2 நாளும் மற்றொரு சாராரை 7 நாளும் படுத்திருக்கச் சொன்னார்கள். இரண்டு நாள் ஓய்வு பெற்றவர்கள் வேலைக்குச் செல்லாத நாட்கள் மற்றவர்களுடையதைவிட 45 சதவீதம் குறைவு. மற்றபடி நோய் நிலையில் இரு சாராருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. எத்தனை கோடி வேலை நாட்கள் அதற்கு முன் பலகையிலே கழிந்திருக்குமோ!

கேளா ஒலிக் கருவியின் கதை நமக்கு இன்னும் நெருங்கியது. நம் நாட்டில் சிறு பட்டணத்துச் சிகிச்சை நிலையத்திலும் இக்கருவியைக் காணலாம். காதுக்குப் புலப்படாத ஒலி அலைகளை எழுப்பும் உலோகக் குமிழ் ஒன்றைக் களிம்பு தடவிய தோலின்மீது சில நிமிடங்கள் வட்டமாகத் தேய்ப்பார்கள். இதைச் சோதிப்பது எளிது. மின்சாரத்தை நிறுத்தி விட்டுத் தேய்த்தாலும் நோயாளிக்கு வேறுபாடு தெரியாது. ஆகவே மெய்ச் சிகிச்சையையும் போலிச் சிகிச்சையையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம். வால் ராபர்ட்சன், கெரி பேக்கர் என்னும் இருவர் 2001இல் இத்தகைய சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். 1975 முதல் 1999 வரை வெளியானவை 35 கிடைத்தன. அவற்றுள் முறையாக நடத்தப்பட்டவை என்று அவர்கள் ஏற்றவை 10 மட்டுமே. அந்தப் பத்திலும் போலியைவிட மெய்க்கருவி மேலானது என்று காட்டியவை இரண்டு, எட்டு காட்டவில்லை.

கருவியால் தீங்கில்லையே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நேயர்களிற் சிலர் நினைக்கலாம். நாள் கூலி பெறும் கொத்தனார் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பத்து நாள் வந்து போகும்படி அவருக்குச் சொல்லப்படுகிறது. ஒவ்வொரு முறையும் பஸ் கட்டணம் ஒருபுறம், காத்திருந்து இழக்கும் அரை நாள் கூலி மறுபுறம். பத்து நாள் கழித்து அவருக்குக் கிடைத்தது இயற்கையே தந்திருக்கக்கூடிய சுகம்தான் என்றால், அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டதை எக்கணக்கில் எழுதுவது? தான் கற்பிக்கும் ஒவ்வொரு முறையைப் பற்றியும் இக்கேள்வியைக் கேட்டுக்கொள்கிற ஆசிரியரே ஆராய்ச்சியாளராகிறார்.

கேட்டால் மட்டும் போதாது; விடை வரும்வரை ஒரே கேள்வியுடன் கிடக்க வேண்டும். அவ்வாறு கிடந்தவர்களுள் ஒருவராக கெயில் டெயில் என்பவரைக் கூறலாம். அமெரிக்க இராணுவத்தில் பிசியோதெரபிஸ்டாகப் பணியாற்றியவர். டெக்ஸாஸ் மாநிலத்து சான் அன்டோனியோ நகரிலுள்ள புரூக் இராணுவ மருத்துவ நிலையத்தில் கையால் மூட்டை இயக்கிச் செய்யும் சிகிச்சையை மேல்நிலை மாணவர்களுக்குக் கற்பித்தவர். முழங்கால் மூட்டுத் தேய்வு ஒன்றையே அவர் எடுத்துக்கொண்டார்.

அவரும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட முதற் சோதனையில் 83 நோயாளிகள் இருந்தனர். யார் எந்தக் கூறில் சேருவது என்பது குலுக்கலில் விடப்பட்டது. ஒரு கூறினருக்கு வாரம் இருமுறை, நான்கு வாரம், மூட்டைக் கையால் இயக்கும் சிகிச்சையும் பயிற்சிகளும் அளிக்கப்பட்டன. மற்றக் கூறினருக்கு, பலன் தராத அளவுக்குத் தணிக்கப்பட்ட கேளா ஒலிக் கருவி முழங்காலில் தேய்க்கப்பட்டது. அளவெடுத்தவருக்கு யார் எக்கூறு என்பது தெரியாது. எட்டாம் வாரத்தில், சிகிச்சை பெற்றவர்கள் 6 நிமிடத்தில் நடந்த தூரம் தொடக்கத்தில் இருந்ததைவிட 13 சதவீதம் மிகுந்திருந்தது. வலி, விறைப்பு, இயலாமை ஆகியவற்றைக் கூட்டிச் சொல்லும் மதிப்பெண் 56 சதவீத அளவு சீர்பட்டிருந்தது. போலிச் சிகிச்சைக்காரர்களிடம் அத்தகைய முன்னேற்றம் இல்லை. ஓராண்டு முடிவில் முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் போலிக் கூறில் 20 சதவீதம். மெய்க் கூறில் 5 சதவீதம்.

இத்துடன் நிறுத்திக்கொண்டு எஞ்சிய நாளெல்லாம் அதைப் பற்றியே பிரசங்கம் செய்திருக்கலாம். அவர்கள் அடுத்த சந்தேகத்தை எழுப்பினார்கள். பலன் தந்தது கையா, பயிற்சியா? வீட்டிலேயே பயிற்சி செய்தால் போதாதா? 2005இல் வெளியான இரண்டாம் சோதனையில் 134 பேர். வீட்டுப் பயிற்சி மட்டும் செய்தவர்கள் நான்கு வாரத்தில் 26 சதவீதம் தேறினர். அத்துடன் சிகிச்சை நிலையத்திற்கும் வந்து கைச் சிகிச்சையும் மேற்பார்வையும் பெற்றவர்கள் 52 சதவீதம். ஆயினும் ஓராண்டிற்குப் பிறகு பார்த்தபோது இரு சாராரும் ஏறக்குறைய ஒரே நிலையில் நல்ல முன்னேற்றத்துடன் இருந்தனர். தன் கைத்திறனைக் கற்பித்துப் பெயர் பெற்ற ஆசிரியருக்கு இது முழுவதும் இனிப்பான முடிவன்று. அதை அப்படியே அச்சிட்டார்கள். அதனாலேயே அவர்களுடைய மற்ற முடிவுகளையும் நாம் நம்பலாம். நம் கொத்தனாருக்கு வேண்டிய செய்தியும் இதில்தான் இருக்கிறது. எட்டு முறை வர இயலாதவர் ஒருமுறை வந்து நன்கு கற்றுக்கொண்டு போனாலும் நெடுநாளில் இழப்பு பெரிதில்லை என்று இதிலிருந்து ஊகிக்க இடமுண்டு.

மூன்றாம் கேள்விக்கு விடை 2020இல் வந்தது. முழங்காலில் ஸ்டெராய்டு ஊசி போடுவது எங்கும் வழக்கமாகிவிட்ட நிலையில், ஊசியும் இயன்முறைச் சிகிச்சையும் 156 நோயாளிகளிடம் ஒப்பிடப்பட்டன. மதிப்பெண் சுழியிலிருந்து 240 வரை. குறையக் குறைய நல்லது. இரு சாராரும் ஏறத்தாழ 108இல் தொடங்கினர். ஓராண்டு கழித்து ஊசிக் கூறினர் சராசரி 55.8இலும், இயன்முறைச் சிகிச்சை பெற்றவர்கள் 37இலும் நின்றனர். முதற் சோதனை வெளியானதற்கும் இதற்கும் இடையே இருபது ஆண்டுகள். ஒரே மூட்டு, மூன்று கேள்விகள்.

இது நம் நாட்டில் எவ்வாறு நடைபெறுகிறது? பி.பி.டி. என்னும் பட்டப் படிப்பு, ஆறு மாத உள்ளுறைப் பயிற்சியுடன் சேர்த்து, நெடுங்காலம் நாலரை ஆண்டாக இருந்து வந்தது. அதன்மேல் எம்.பி.டி. இரண்டு ஆண்டு, எலும்பு மூட்டுத் துறையைச் சிறப்புப் பாடமாக எடுப்பவர்கள் அங்குதான் பிரிகின்றனர். அதன்பின் டாக்டர் பட்டம். நாடு முழுவதற்குமான ஆணையம் அமைக்க வழிசெய்த சட்டம், இத்தொழிலையும் உள்ளடக்கி, 2021இல்தான் நிறைவேறிற்று. எம்.பி.டி. மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். ஆக, ஆண்டுதோறும் ஆய்வேடுகளுக்குக் குறைவில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. முப்பது நாற்பது நோயாளிகள், நான்கு வாரச் சிகிச்சை, ஒரு வலி அளவுகோல் என்ற அச்சில் வார்த்த ஆய்வேடுகளே மிகுதி. நோயாளிக்கு நோயாளி இயல்பான வேறுபாடே மிகப் பெரிது. கூறுக்குப் பதினைந்து பேரை வைத்துக்கொண்டு ஒரு சிகிச்சையின் சிறு நன்மையைக் கண்டுபிடிக்க முயல்வது, சந்தையின் இரைச்சலில் கடிகாரத்தின் ஓசையைக் கேட்க முயல்வது போன்றதாகும். மாணவரைக் குறை கூறிப் பயனில்லை. அவருக்கு இருப்பது இரண்டே ஆண்டு. காலையில் வகுப்பு, பகலில் வெளிநோயாளிகள், மாலையில் செய்முறைப் பயிற்சி என்று ஓடும் ஆசிரியருக்கோ ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கிய வேளையே பல இடங்களில் இல்லை. நமக்குத் தோன்றும் வழி ஒன்றுண்டு. ஆசிரியர் ஒரு கேள்வியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஆண்டுதோறும் வரும் மாணவர்கள் ஆளுக்கொரு புதுத் தலைப்பைத் தேடாமல், அந்த ஒரே கேள்வியின் அடுத்தடுத்த படிகளை எடுத்துக்கொள்ள வேண்டும். ஐந்து மாணவர்கள் ஒரே முறையில் ஐந்து ஆண்டு சேர்த்தால் இருநூறு நோயாளிகள் ஆவார்கள். அதற்கு முன்யோசனையும், தன் பெயர் மட்டுமே முன்னிற்க வேண்டுமென்னும் ஆசையைத் துறத்தலும் வேண்டும்.

முதற்படி மிகவும் எளியது. ஆனால் பலர் தாண்டிச் சென்றுவிடும் படியும் அதுவே. கோணமானியைக் கொண்டு ஒரு முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று இரண்டு மாணவர்களைத் தனித்தனியே அளக்கச் சொன்னால், ஒருவர் 110 பாகை என்பார், மற்றவர் 115 என்பார். 5 பாகை வரை வேறுபடுவது இயல்பே. அப்படியிருக்க, பத்து நாள் சிகிச்சையில் நோயாளி 4 பாகை முன்னேறினார் என்று ஆய்வேட்டில் எழுதினால், முன்னேறியது முழங்காலா, அளந்த கையா என்று யார் சொல்ல முடியும்? முதுகெலும்பைத் தொட்டுப் பார்த்து, இந்த எலும்பு இறுகியிருக்கிறது என்று சொல்லும் கலையில் சங்கடம் இதனினும் பெரிது. தேர்ந்த இருவரும் ஒரே முதுகைத் தொட்டு வெவ்வேறு எலும்பைச் சுட்டுவது சோதனைகளில் பலமுறை வெளிப்பட்டிருக்கிறது. அழுத்தும்போது எங்கே வலிக்கிறது என்பதில் மட்டும் ஒருமைப்பாடு சற்றுக் கூடுதல். தன்னுடைய விரல் நுனியையே ஐயுறும்படி மாணவனுக்குக் கற்பிப்பது ஆசிரியருக்கு உவப்பான வேலையன்று. ஆயினும் அதைச் செய்கிறவர்களிடம் பயின்றவர்களே பின்னாளில் நல்ல சிகிச்சையாளர்களாகவும் விளங்குகின்றனர்.

வெளிநாட்டுச் சோதனைகள் இத்தனை இருக்க, நாமும் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. மேலே கூறிய மதிப்பெண்ணையே எடுத்துக்கொள்வோம். அது கனடாவில் உருவாகி 1988இல் வெளியான ஒரு வினாத்தாள். வோமாக் என்று சுருக்கமாக அழைப்பார்கள். அதில் 24 வினாக்கள். மாடிப்படி ஏற முடிகிறதா, காரில் ஏறி இறங்க முடிகிறதா, காலுறை அணிய முடிகிறதா, குளியல் தொட்டியில் இறங்கி ஏற முடிகிறதா என்றெல்லாம் கேட்கும். சம்மணமிட்டு அமர முடிகிறதா என்று கேட்காது. குத்துக்காலிட்டு அமர்ந்து காலைக் கடன் கழிக்க முடிகிறதா என்றும் கேட்காது. காலுறையே அணிந்தறியாத, குளியல் தொட்டியைக் கண்ணாலும் கண்டிராத பீகாரத்து விவசாயப் பெண்மணி இத்தாளில் நல்ல மதிப்பெண் பெற்று, வீட்டிற்குத் திரும்பி அடுப்பின்முன் உட்கார மாட்டாமல் தவிப்பார். தாள் அவரைத் தேறியவர் என்று எழுதிக்கொள்ளும்.

சமதரையில் நடப்பதற்கு முழங்கால் ஏறத்தாழ 60 பாகை மடங்கினால் போதும். குத்துக்காலிடுவதற்கு எவ்வளவு வேண்டும்? கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 30 இந்தியர்களை அளந்து 2006இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, குதிகாலைத் தூக்கியபடி குத்துக்காலிட்டு அமரும்போது முழங்கால் சராசரி 157 பாகை மடங்குகிறது. தரையில் அமர்ந்து வாழும் மக்கள், மூட்டு அவ்வளவு மடங்காமற் போகும் சிகிச்சையை வேண்டாமென்று மறுத்து விடுகிறார்கள் என்பதும் அவ்வாராய்ச்சியாளர்களை இவ்வேலையில் இறக்கிய காரணங்களுள் ஒன்று. நமாசில் மண்டியிடுபவர், நாற்று நடுபவர், தறிக்குழியில் இருப்பவர் ஆகியோருக்கு எத்தனை பாகை மீட்டுத் தர முடியும், எப்பயிற்சியால் முடியும், தேய்ந்த மூட்டில் அவ்வளவு மடக்குவது நன்மையா தீமையா என்ற கேள்விகளுக்கு விடை சான் அன்டோனியோவிலிருந்து வரப் போவதில்லை. அங்குள்ள நோயாளிகளுக்கு அக்கேள்விகளே எழுவதில்லை.

இதற்கு வேண்டிய சாதனங்கள் நம்மிடம் இல்லாமலில்லை. புது தில்லியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007 ஜூலையில் தொடங்கிய மருத்துவச் சோதனைப் பதிவேடு இருக்கிறது. யார் வேண்டுமாயினும் கட்டணமின்றிப் பார்க்கலாம். 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே சோதனையைப் பதிவு செய்துவிட வேண்டும் என்பது விதி. எதை அளப்போம், எப்போது அளப்போம் என்று முன்கூட்டியே எழுதிக் கையொப்பமிட்டு விடுவதால், முடிவைப் பார்த்த பின்பு இலக்கை நகர்த்திக்கொள்ள வழியில்லை. எம்.பி.டி. மாணவரும் பதிவு செய்கிறார். நோயாளியின் சம்மதத்தை அவருக்குப் புரியும் மொழியில் எழுதிப் பெறுவதும், அறநெறிக் குழுவின் முன் நின்று விடையளிப்பதும் அவருக்கு நேரும் அனுபவங்கள். இவை வெறும் தாள்வேலை என்று சலித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். போலிச் சிகிச்சை பெறும் கூறில் தாமும் விழக்கூடும் என்பதை அறிந்து சம்மதிக்கும் நோயாளி எவ்வளவு பெரிய உதவி செய்கிறார் என்பது, அத்தாளை அவருக்குப் படித்துக் காட்டும்போதுதான் மாணவருக்கு விளங்குகிறது.

எல்லாவற்றினும் கடினமானது ஓராண்டு கழித்து அந்நோயாளியைத் திரும்பக் கண்டுபிடிப்பதே. டெயில் அவர்களின் நோயாளிகள் இராணுவ மருத்துவ அமைப்பைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய பதிவுகள் ஓரிடத்தில் இருந்தன. நம் வெளிநோயாளிப் பகுதிக்கு வருபவர் கட்டட வேலை முடிந்ததும் வேறு நகரம் போய்விடுகிறார். தொலைபேசி எண் மாறிவிடுகிறது. வலி தீர்ந்தவருக்குத் திரும்பி வரக் காரணமில்லை, தீராதவர் வேறு வைத்தியரைத் தேடிச் சென்றிருப்பார். வந்தவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு கோணிவிடும். ஆகவே மாணவர் இருவர் கோணமானியையும் வினாத்தாளையும் எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் முகவரி தேடிப் புறப்பட வேண்டியிருக்கிறது. வராதவர் வீட்டுத் திண்ணையிலேயே முழங்காலை அளந்து, ஊசி போட்டுக்கொண்டாரா, எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை, தரையில் உட்கார்ந்து எழ யாருடைய கையையாவது பிடிக்க வேண்டியிருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டு, அடுத்த முகவரிக்கு நடக்கிறார்கள்.